கலத்தை அழைக்கும் விளக்கு



கடற்கரையில் உயர்ந்து நின்று இரவில் ஒளி தரும் கோபுரத்துக்குத் தமிழில் இரண்டு பெயர்கள் உள்ளன. ஒன்று வெளிச்சவீடு. இது நமது கரையோர மக்களின் நாவில் வழங்குவது. பருத்தித்துறையிலோ தலைமன்னாரிலோ ஒருவரிடம் வழி கேட்டால் இந்தச் சொல்லைத்தான் சொல்வார். மற்றது கலங்கரை விளக்கம். இது ஏட்டிலே வாழ்வது; பாடப்புத்தகத்தில் படித்தது. ஒரே பொருளுக்கு இரண்டு பெயர்கள்தானே என்று நாம் விட்டுவிடலாம். ஆனால் இரண்டையும் சற்று நிறுத்திப் பார்த்தால், மன்னார்க் கடலின் நெடுங்கதை ஒன்று அவற்றுக்குள்ளே மடிந்து கிடப்பது தெரியவரும். இன்றைய உரை அந்தக் கதையைப் பற்றியது.

கலங்கரை என்பதைக் கலம், கரை என்று பிரித்து, கலம் சேரும் கரையில் உள்ள விளக்கு என்று பொருள் கொள்வோர் பலர். பிழையென்று தோன்றாத விளக்கந்தான். ஆனால் பழைய உரைகாரர்கள் தந்த பொருள் வேறு. இங்கே கரை என்பது கரைதல் என்ற வினை. கரைதல் என்றால் அழைத்தல். காகம் கரைகிறது என்கிறோமல்லவா? அந்தக் கரைதல்தான். வீட்டு முற்றத்தில் காகம் கரைந்தால் விருந்து வரும் என்று நம் ஆச்சிமார் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஆக, கலங்கரை விளக்கம் என்பது கலங்களைக் கூவி அழைக்கின்ற விளக்கு. வாயில்லாத ஒளிக்குக் குரல் கொடுத்துப் பெயர் வைத்திருக்கிறார்கள் நம் முன்னோர்.

பத்துப்பாட்டில் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் ஒரு துறைமுகத்தைக் காட்டுகிறார். அங்கே வானளாவிய ஒரு மாடம். கூரை வேயாதது. மேலே ஏறுவதற்கு ஏணி சார்த்தியிருக்கிறது. இரவிலே அதன் உச்சியில் கொள்ளி எரிகிறது. அது கடலில் ஓடும் கலங்களை அழைக்கிறது. கவிஞர் கோபுரத்தோடு நின்றுவிடாமல் ஏணியையும் சொன்னதை நாம் கவனிக்க வேண்டும். ஏணி இருந்தால் அதில் நாள்தோறும் ஏறிய ஒருவனும் இருந்திருப்பான். மழையிலும் வாடைக்காற்றிலும் ஏறி நெருப்பைக் காத்த அந்த மனிதனின் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. ஏணி மட்டும் பாட்டிலே நிற்கிறது.

அகநானூற்றின் 255ஆம் பாட்டும் இதே காட்சியைத் தருகிறது. பாடியவர் மதுரை மருதன் இளநாகனார். மாடத்து நெருப்பைப் பார்த்துத் திசையறிந்து மரக்கலத்தைச் செலுத்துகிற நீகான் அதிலே வருகிறான். நீகான் என்றால் மாலுமி. ஆனால் அந்தப் பாட்டைச் சொல்பவள் யார்? கணவன் கப்பலேறிப் போய்விட, வீட்டிலே தனித்திருக்கும் பெண். கடலின் நடுவே போகிறவனுக்கு வழிகாட்ட ஒரு நெருப்பாவது உண்டு. கரையிலே காத்திருப்பவளுக்கு அதுவும் இல்லை. கலங்கரை விளக்கத்தைப் பற்றிப் பேசும்போது கப்பலை மட்டும் பார்த்தால் போதாது, வீட்டையும் பார்க்க வேண்டும் என்பதை அந்தப் புலவர் அன்றே உணர்த்திவிட்டார்.

இந்த இரண்டு குறிப்புகளையும் மனத்திலே வைத்துக்கொண்டு மன்னாருக்கு வருவோம்.

மன்னார்த் தீவு ஏறத்தாழ 26 கிலோமீற்றர் நீளமான மணல் நிலம். கிழக்கே பெருநிலத்தோடு ஒரு பாலத்தால் தொடுத்துக்கொண்டு, மேற்கே இந்தியாவை நோக்கிக் கைநீட்டியிருக்கிறது. அந்தக் கையின் நுனியில் தலைமன்னாரும் ஊருமலையும். அதற்கப்பால் மணல்திட்டுகள். இராமர் அணை என்றும் ஆதாம் பாலம் என்றும் சொல்லப்படும் அந்தத் திட்டுகளின் வரிசை தனுஷ்கோடிவரை போகிறது. இடைவெளி முப்பது கிலோமீற்றர் அளவுதான். ஆனால் பல இடங்களில் கடலின் ஆழம் ஆள் உயரத்தைத் தாண்டாது. காற்று மாறினால் மணலும் இடம் மாறும். சோளகம் வீசும் மாதங்களில் தெற்கே மன்னார் வளைகுடா கொந்தளிக்கும். வாடை வீசும்போது வடக்கே பாக்குநீரிணை கொந்தளிக்கும். இரண்டு கடல்களும் மாறி மாறிக் கோபிக்கும் இடத்தில் இந்தத் தீவு கிடக்கிறது.

இந்தக் கடலின் இயல்பு பழைய உலகத்துக்கும் தெரிந்திருந்தது. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த உரோம அறிஞர் பிளினி, தப்ரபேன் என்று அவர் குறிப்பிடும் நமது தீவுக்கும் இந்தியாவுக்கும் இடைப்பட்ட கடல் ஆழங்குறைந்தது என்றும், ஆயினும் சில கால்வாய்களில் நங்கூரம் தரை தொடாத ஆழம் உண்டு என்றும் எழுதுகிறார். ஒடுங்கிய கால்வாய்க்குள்ளே திரும்ப இடமில்லாதபடியால் இங்குள்ள மரக்கலங்களுக்கு இருபுறமும் முகப்பு வைத்துக் கட்டுவார்களாம். இன்னொரு செய்தியும் சொல்கிறார். இக்கடலோடிகள் விண்மீன்களைப் பார்த்து ஓடுவதில்லை. பறவைகளைக் கூட்டிலே கொண்டுபோய் இடையிடையே பறக்கவிட்டு, அவை கரையை நோக்கிப் போகும் திசையைப் பின்பற்றுவார்கள் என்கிறார்.

விண்மீனை அறியாதவர்கள் நம் கடலோடிகள் என்பதை நாம் அப்படியே ஏற்கவேண்டியதில்லை. மன்னாரிலிருந்து பார்த்தால் வடமீன் அடிவானத்துக்கு மேலே ஒன்பது பாகை அளவில்தான் தெரியும். கடல்மூட்டம் சிறிது இருந்தாலும் மறைந்துவிடும். ஆனால் விடிவெள்ளியையும் ஆறாமீனையும் அறியாத மீனவன் நம் கரையில் இருந்ததில்லை. பறவைச் செய்தியோ நமக்கு மிக நெருக்கமானது. கப்பலின் பாய்மரத்திலிருந்து பறந்து, எங்கும் கரை காணாமல் திரும்பி வந்து அதே மரத்தில் அமரும் பறவையைக் குலசேகராழ்வார் தம் பாசுரத்தில் உவமையாக்கினார். இறைவனைவிட்டால் வேறு போக்கிடம் இல்லை என்பது அவர் சொல்ல வந்த பொருள். கடலோடிகளின் பழக்கம் ஒன்று பக்திக் கவிதைக்கு உவமையாக வந்து சேர்ந்திருக்கிறது. விளக்கு இல்லாத கடலில் பறவைதான் விளக்கு. கரையை அது கண்டால் போகும், காணாவிட்டால் வரும்.

பெருநிலப் பக்கத்திலே மாதோட்டம் இருந்தது. திருக்கேதீச்சரத்தைச் சம்பந்தரும் சுந்தரரும் பாடினார்கள். மரக்கலங்கள் மலிந்த கடலையே அந்தத் தலத்தின் அடையாளமாகச் சுந்தரர் காண்கிறார். கிழக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் வந்த பொருள்கள் கைமாறிய துறை அது. கலங்கள் சிறியனவாக இருந்த காலத்தில் ஆழங்குறைந்த கடல் ஒரு குறையாகத் தோன்றவில்லை. பிற்காலத்தில் கப்பல்கள் பெருத்தன. அவற்றின் அடிப்பகுதி ஆழத்தைத் தேடியது. மன்னார் வழியாகப் போக முடியாமல் அவை இலங்கையைச் சுற்றிக்கொண்டு தெற்கே போயின.

இதன் விளைவு நம் தீவின் விளக்குகளிலேயே தெரிகிறது. காலியிலே 1848இல் விளக்கு ஏற்றப்பட்டது. கொழும்புக் கோட்டையில் 1857இல் எழுந்த மணிக்கூட்டுக் கோபுரம் பத்தாண்டுகளின் பின் விளக்கையும் தாங்கியது. நடுக்கடல் பாறைகளின் மேல் பெரிய பாசும் சின்னப் பாசும் 1870களில் கட்டப்பட்டன. 1890இல் தேவேந்திரமுனையில் 49 மீற்றர் உயரக் கோபுரம் எழுந்தது. எல்லாம் தெற்கிலும் தென்கிழக்கிலும் மேற்கிலும். நீராவிக் கப்பல்கள் சென்ற பாதையெல்லாம் விளக்குகள் முளைத்தன. மன்னார் இருளிலே இருந்தது. விளக்கு எங்கே ஏற்றப்படுகிறது என்று பார்த்தால், ஒரு காலம் யாரை வரவேற்க விரும்பியது என்பது தெரிந்துவிடும்.

ஆனால் அக்காலத்து மன்னார்க் கரையில் அழைப்பே இல்லாமற் போகவில்லை. அழைத்தது வேறு ஒன்று. அரிப்பிலே முத்துச் சலாபம் நடந்த நாட்களில் பீரங்கி வெடித்தது. இரவு பத்து மணிக்கும் நள்ளிரவுக்கும் இடையில் ஒரு வெடி. கரைக்காற்று எழுந்துவிட்டது, புறப்படுங்கள் என்பது அதன் பொருள். நூற்றுக்கணக்கான வள்ளங்கள் பாய் விரித்து, விடியுமுன் முத்துப்பார்களை அடையும். கதிரவன் எழுந்ததும் குளிப்பு. நண்பகலளவில் மற்றொரு வெடி. கடற்காற்று எழும் நேரம், திரும்புங்கள் என்பது அதன் பொருள். கீழக்கரையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் அரபுக் கரைகளிலிருந்தும் வந்த குளியாளர்களின் வாழ்வு இந்த இரண்டு ஓசைகளுக்கும் இடையில் ஓடியது. சுறா வாயைக் கட்டுவதாகச் சொல்லப்பட்ட கடல்கட்டி மந்திரம் செபித்துக்கொண்டிருப்பான். அழைத்தது அரசு. இலாபமும் பெரும்பாலும் அரசுக்கே. மூச்சு மட்டும் குளியாளனுடையது.

அந்த அரிப்பிலேதான் தேசாதிபதி பிரெட்ரிக் நோர்த் 1801க்கும் 1804க்கும் இடையில் தமக்கு ஒரு மாளிகை கட்டுவித்தார். கிரேக்கத் தூண் முறையைத் தழுவியதால் ஆங்கிலேயர் அதை டோரிக் என்றனர். நம் மக்கள் அதை அல்லிராணிக் கோட்டை ஆக்கினர். ஏணிப்படிபோல உயர்ந்த அக்கட்டிடம் கடலில் இருந்தவர்களுக்கு ஒரு பகற்குறியாயிற்று. முத்துப்பார்கள் எங்கே உள்ளன என்று குறிக்கும்போது, டோரிக் எந்தத் திசையில் தெரிகிறது என்று அளந்து குறித்தார்கள். நீருக்கடியில் உள்ள செல்வத்துக்கு முகவரி, நிலத்தில் நிற்கும் ஒரு மாளிகை! இன்று அந்த மாளிகை கடலரிப்பினால் துண்டு துண்டாக விழுந்துகொண்டிருக்கிறது. கரைதல் என்ற சொல்லுக்குத் தேய்ந்து உருகுதல் என்றும் ஒரு பொருள் இருக்கிறதே, அதற்கு அரிப்புக் கரையைவிட எடுத்துக்காட்டு வேண்டுமா?

அரிப்போடு இன்னொருவரின் கதையும் சேர்ந்திருக்கிறது. கண்டி அரசில் 1660இலிருந்து சிறையிருந்த ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ் 1679 ஒக்டோபரில் தம் தோழர் ஒருவருடன் தப்பி வந்து சேர்ந்தது அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டைக்குத்தான். காட்டிலே அவர்களுக்கு வழிகாட்டியது நாம் அருவியாறு என்று அழைக்கும் மல்வத்து ஓயா. பத்தொன்பது ஆண்டுச் சிறைவாழ்வுக்குப் பின் கடலைக் காட்டிய ஆற்றை ஒரு விளக்கென்று சொன்னால் அது மிகையாகாது.

பகலிலே குறி பார்க்கும் கலையில் நம் மீனவர் இன்றும் வல்லவர்கள். கரையிலே ஒரு தேவாலயக் கோபுரம், அதற்குப் பின்னால் ஒரு பனைக்கூட்டம். இரண்டும் ஒரே நேர்கோட்டில் வரும்வரை வள்ளத்தை நகர்த்துவார்கள். வேறொரு பக்கத்தில் இன்னும் இரண்டு குறிகள். இரண்டு கோடுகளும் வெட்டும் இடத்தில் வலை விழும். பேசாலையின் வெற்றி அன்னை ஆலயத்தில் மணியடிக்கும் கோபுரம் பூசைக்கு மட்டும் நிற்கவில்லை, கடலுக்கும் நிற்கிறது. கத்தோலிக்க மரபு மரியன்னைக்குக் கடலின் நட்சத்திரம் என்றும் ஒரு பெயர் சூட்டியிருக்கிறது. கடலோடிகளின் ஊரில் அந்தப் பெயருக்கு உரை தேவையில்லை.

பகற்குறி இரவிலே பயன்படாது. அங்கேதான் வெளிச்சவீட்டின் தேவை வருகிறது. ஒளியைத் தூரத்துக்கு அனுப்புவது எளிதான செயலன்று. விளக்கின் ஒளி எல்லாப் பக்கமும் சிதறி வீணாகும். பிரெஞ்சு அறிஞர் ஒகஸ்தீன் பிரெனெல் 1820களில் பல பட்டைக் கண்ணாடிகளை வளையம் வளையமாக அடுக்கி, சிதறும் கதிர்களைச் சேர்த்து ஒரே கற்றையாக்கிக் கடலுக்கு அனுப்பினார். அதன் பின் சிறிய சுடரும் தொலைதூரம் போயிற்று. ஆனாலும் பூமி உருண்டை. 20 மீற்றர் உயரத்தில் எரியும் விளக்கை, நீர்மட்டத்திலிருந்து 2 மீற்றர் உயரத்தில் கண் வைத்திருக்கும் படகோட்டி ஏறத்தாழ 12 கடல் மைல் தூரத்திலேதான் முதலில் காண்பான். அதற்கப்பால் எவ்வளவு வலிய ஒளியானாலும் பூமியின் வளைவு மறைத்துவிடும்.

இன்னொன்று நம் இலக்கிய நேயர்களுக்குச் சுவைக்கும். ஒவ்வொரு வெளிச்சவீட்டுக்கும் தனித்தனி நடை உண்டு. ஒன்று ஐந்து விநாடிக்கு ஒருமுறை மின்னும். இன்னொன்று இருமுறை மின்னிச் சற்று ஓயும். வேறொன்று நிறம் மாறும். மாலுமி ஒளியைப் பார்த்தால் மட்டும் போதாது, எண்ண வேண்டும். எண்ணினால் இது இன்ன ஊர் என்று தெரியும். அதாவது ஒளியும் இருளும் சேர்ந்து ஒரு சந்தம் அமைக்கின்றன. சந்தத்தால் ஊரை அறிவது செய்யுள் படித்த நமக்குப் புதியதா? விளக்கின் மௌனமும் அதன் பேச்சிலே ஒரு பகுதி.

தலைமன்னார் வெளிச்சவீட்டின் பிறப்புக்கு வருவோம். 1914 பெப்ரவரியில் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. அதே ஆண்டில் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பல்கள் ஓடத் தொடங்கின. கேர்சன், எல்ஜின், ஹார்டிஞ் என்று அவற்றுக்குப் பெயர். சென்னை எழும்பூரில் ஏறியவர் ரயில், கப்பல், மீண்டும் ரயில் என்று ஒரே பயணச்சீட்டில் கொழும்பு வந்து சேரலாம். அந்தச் சேவை தொடங்கிய மறு ஆண்டு, 1915இல், தலைமன்னார் இறங்குதுறை அருகே வெளிச்சவீடு கட்டப்பட்டது. வெள்ளை பூசிய வட்டக் கோபுரம். தேவேந்திரமுனையோடு ஒப்பிட்டால் சிறியது. இருநூறு முந்நூறு மைலுக்கு அப்பால் இருந்து வரும் பெருங்கப்பலுக்காக அது எழவில்லை. பக்கத்துக் கரையிலிருந்து வரும் கப்பலை அழைப்பதே அதன் வேலை. அயல்வீட்டுக்காரரை அழைக்கும் விளக்கு அது.

அந்த அழைப்புக்கு வந்தவர்கள் யார்? வணிகர் வந்தனர், யாத்திரிகர் வந்தனர், நாடகக்காரர் வந்தனர், புத்தகங்களும் சஞ்சிகைகளும் வந்தன. எல்லோரிலும் அதிகமாக வந்தவர்கள் தோட்டத் தொழிலாளர். கப்பற் சேவைக்கு முன்னரும் அவர்கள் இந்தக் கடலைத் தாண்டினார்கள். கோப்பிக் காலத்தில் பாய்வள்ளங்களில் மன்னார்க் கரையில் இறங்கி, நூறு மைலுக்கு மேல் காட்டு வழியே மாத்தளை நோக்கி நடந்தார்கள். பசியும் காய்ச்சலும் வாந்திபேதியும் வழியிலேயே பலரைக் கொண்டுபோயின. அவர்களுக்கு எந்தக் கரையிலும் விளக்கு எரியவில்லை. பின்னர் மண்டபத்தில் இலங்கை அரசு முகாம் அமைத்தது. தோட்டத்துக்கு வருபவர்கள் அங்கே நோய்ச் சோதனைக்காகத் தடுத்துவைக்கப்பட்ட பின்னரே கப்பலேறினர். அழைத்த நாடு அவர்கள் கையை அழைத்தது. ஆளை அழைத்ததா என்பது பின்னர் தெரியவந்தது.

1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 5,25,000 பேர் இந்தியாவுக்குப் போக வேண்டும் என்றது அது. 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை. 1,50,000 பேரின் கதியைப் பிறகு பார்ப்போம் என்றது. இரண்டு தலைநகரங்களுக்கு இடையில் எண்களைப் பங்கிட்டார்கள். ஒப்பந்தம் எழுதி இரண்டு மாதம் ஆகுமுன்னே, டிசெம்பர் 22ஆம் திகதி இரவு பெரும்புயல் இரு கரைகளையும் அடித்தது. மன்னாரும் அடிபட்டது. தனுஷ்கோடி அழிந்தது. பாம்பனிலிருந்து சென்ற ரயில் நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகளோடு கடலுக்குள் போயிற்று. தனுஷ்கோடியை நெருங்கிய அந்த ரயிலுக்குச் சைகை விளக்குக் கிடைக்கவில்லை என்று சொல்வார்கள். ஒரு விளக்கு எரியாத இரவு என்னவாகும் என்பதற்கு அந்த ஊரின் இடிபாடுகள் இன்றும் சாட்சி.

புயலுக்குப் பின் கப்பல் இராமேசுவரத்துக்குப் போனது. ஒப்பந்தப்படி அனுப்பப்பட்டவர்கள் மலைநாட்டிலிருந்து இரவு ரயிலில் வந்து தலைமன்னாரில் கப்பலேறினார்கள். பலர் இந்த நாட்டிலேயே பிறந்தவர்கள். போகும் ஊரைக் கண்ணால் கண்டதில்லை. மலைநாட்டு மக்கள் இன்றும் அந்தப் பிரிவை ஒப்பாரியாகவே நினைவுகூர்கிறார்கள். பாட்டனை அழைத்த அதே விளக்கின் கீழ்ப் பேரன் வெளியேறினான். கரைதல் என்ற சொல்லுக்கு அழுதல் என்ற பொருளையும் அகராதி தருகிறது, நேயர்களே.

1984இல் கப்பற் சேவை நின்றது. போர் மூண்டது. 1990இல் ரயிலும் நின்றது. அதன் பின் இந்தக் கடலைத் தாண்டியவர்களைப் பற்றித்தான் நாம் அதிகம் சிந்திக்க வேண்டும். கலங்கரை விளக்கம் என்ற சொல்லின் பொருளே தலைகீழான காலம் அது. 1983க்குப் பிறகும், 1990 நடுப்பகுதிக்குப் பிறகும், 2006க்குப் பிறகும் மன்னார்க் கரையிலிருந்து ஆயிரமாயிரம் பேர் படகேறினார்கள். நிலவில்லாத இரவுகளைத் தேர்ந்தார்கள். படகில் விளக்கு ஏற்றக்கூடாது, தீக்குச்சி கிழிக்கக்கூடாது, பிள்ளை அழுதால் வாயைப் பொத்த வேண்டும். ஆண்டாண்டாகக் கடலோடி எதை நம்பிக் கரை சேர்ந்தானோ, அந்த வெளிச்சமே அச்சமாயிற்று. இருட்டுத்தான் காவல் என்றாயிற்று.

பலரைப் படகோட்டிகள் மணல்திட்டுகளில் இறக்கிவிட்டுப் போனார்கள். இதுதான் இந்தியா என்று சொல்லிவிட்டுப் போனதும் உண்டு. விடிந்து பார்த்தால் நாற்புறமும் கடல். குடிக்க நீரில்லை. ஏதோ ஒரு மீன்பிடிப் படகு கண்டு கரைசேர்க்கும்வரை அந்தத் திட்டிலே நின்றார்கள். கரை சேர்ந்தவர்கள் கொண்டுசெல்லப்பட்ட இடம் எது? மண்டபம் முகாம். தோட்டத் தொழிலாளரைச் சோதித்து இலங்கைக்கு அனுப்பிய அதே இடம், இலங்கையிலிருந்து வந்த அகதியை ஏற்றுக்கொண்டது. இது பழங்கதையும் அல்ல. பொருளாதாரம் சரிந்த 2022 மார்ச்சிலும், மன்னார்க் கரையிலிருந்து பிள்ளைகளோடு புறப்பட்டு அரிச்சல்முனைக்கு அருகே ஒரு மணல்திட்டில் தவித்தவர்களை இந்தியக் கடலோரக் காவற்படை மீட்டது.

இன்னொரு பயணத்தையும் சொல்லாவிட்டால் இந்த உரை நேர்மையானதாகாது. 1990 ஒக்டோபர் இறுதியில் வடபுலத்து முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். எருக்கலம்பிட்டி முதலான மன்னார்த் தீவு ஊர்களின் மக்கள் கடல்வழியாகக் கற்பிட்டிக்குப் போனார்கள். தலைமுறை தலைமுறையாக அதே கடலில் வலைவீசிய, வள்ளம் ஓட்டிய, முத்துக் குளித்த மக்கள். அவர்களை எந்த அயல்நாட்டு அரசும் கப்பலேற்றவில்லை. அதே தமிழைப் பேசிய கைகளே போகச் சொல்லின. அழைப்பதற்கென்று நம் மொழி ஒரு விளக்குக்குப் பெயர் வைத்தது. அந்த மொழி பேசும் கரையே அன்று அணைந்து நின்றது. இதை மறந்துவிட்டுக் கலங்கரை விளக்கத்தின் அழகைப் பேச நமக்கு உரிமையில்லை.

இன்று நிலைமை மாறியிருக்கிறது. 2015 மார்ச் 14ஆம் திகதி தலைமன்னாருக்கு ரயில் திரும்பி வந்தது. பழைய இறங்குதுறையின் இரும்பு துருப்பிடித்துக் கடலில் நிற்க, அருகே வெள்ளைக் கோபுரம் நிற்கிறது. தனுஷ்கோடிப் பக்கத்தில் 2020இல் அடிக்கல் நாட்டப்பட்ட புதிய கலங்கரை விளக்கம் தேவேந்திரமுனையின் உயரத்துக்கு எழுந்திருக்கிறது. 2023 ஒக்டோபரில் இரு நாடுகளுக்கும் இடையே பயணிகள் கப்பல் மீண்டும் ஓடியது. ஆனால் அது நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு. தலைமன்னார் விளக்கு எந்தக் கப்பலை அழைக்கப் பிறந்ததோ அந்தக் கப்பல் வரவில்லை. இரவிலே கரையில் நின்றால் இழுவைப் படகுகளின் விளக்குகள் வரிசையாகத் தெரியும். எல்லை தாண்டி வந்து கடலடியை வாரிச் செல்கிறார்கள் என்று நம் மீனவர் சொல்லும் முறைப்பாடு அந்த வெளிச்ச வரிசைக்குள்ளே இருக்கிறது. அயலவரின் விளக்கைக் கண்டு மகிழ்ந்த கண்கள் இன்று அதைக் கண்டு வலையை எண்ணிக் கலங்குகின்றன.

செய்மதி பார்த்து இடம் சொல்லும் கருவி இப்போது சிறு படகிலும் வந்துவிட்டது. இனி வெளிச்சவீடு எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கருவி, நீ எங்கே நிற்கிறாய் என்று சொல்லும். வா என்று சொல்லாது. மின்கலம் ஓய்ந்த இரவில், இயந்திரம் நின்ற படகில், அடிவானத்தில் ஒரு மின்னலைக் கண்டு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணத் தொடங்கும் மீனவனைக் கேட்டால் அந்த வேறுபாட்டைச் சொல்வான்.

விளக்குக்கு ஆள் பார்த்து ஒளிதரத் தெரியாது. வணிகனுக்கும் கூலிக்கும், அகதிக்கும் அதிகாரிக்கும், எந்தக் கோயிலைத் தொழுபவனுக்கும் அது ஒரே நடையில் மின்னுகிறது. தேர்ந்தெடுப்பவர்கள் கரையில் நிற்கும் நாம்தான். யாரை இறங்க விடுவது, யாரைத் திருப்பி அனுப்புவது, யாரை இரவோடிரவாகப் போகச் சொல்வது என்பதெல்லாம் கோபுரத்தின் அடியிலே மனிதர் எடுத்த முடிவுகள். ஆகவே நமது இரண்டு சொற்களும் நமக்குத் தேவை. கலங்கரை விளக்கம் என்ற ஏட்டுச் சொல், அழை என்கிறது. வெளிச்சவீடு என்ற ஊர்ச்சொல், அழைத்தால் போதாது, வந்தவர் தங்க வீடும் வேண்டும் என்கிறது. மன்னார்க் கரையில் அந்த இரண்டும் ஒன்றாக இருந்த காலம் குறைவு. இனி வரும் காலமாவது அப்படி அமையட்டும்.